யாரை முதலில் ஏற்றுவது, எங்கே கொண்டுசெல்வது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கு வெளிவரும்போது வேகம், தலைக்கவசம், மது, சாலை வடிவமைப்பு என்று நான்கைந்து நாள்கள் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால், அடிபட்டு விழுந்த இடத்துக்கும் மருத்துவமனை வாசலுக்கும் இடைப்பட்ட அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது, அங்கே முடிவெடுப்பவர் யார், எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பது குறித்து ஏறக்குறைய எந்த விவாதமும் நடப்பதில்லை.

ஆம்புலன்ஸ் என்றால் வேகமாக ஓடும் வண்டி என்பதே நம் பொதுப்புரிதல். அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. வேகம் முக்கியம்தான். ஆயினும், பொருத்தமில்லாத மருத்துவமனைக்கு 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் ஏற்றி அனுப்பப்பட்டு, மூன்று மணி நேரம் கழித்து எங்களிடம் வந்தவர்கள் பலர். நேராக 40 நிமிடத்தில் வந்தவர்களுக்கு எங்களால் செய்ய முடிந்தது, அவர்களுக்குச் செய்ய முடியவில்லை. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது வண்டியின் எஞ்சின் அன்று. நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கும் மருத்துவ உதவியாளரின் மதிப்பீடு.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் இருவர்: ஓட்டுநர் ஒருவர் (அவர்கள் வழக்கில் ‘பைலட்’), மருத்துவ உதவியாளர் ஒருவர். மருத்துவர் கிடையாது. செவிலியர் படிப்போ, ஆய்வகப் படிப்போ, விலங்கியல், வேதியியல் போன்ற இளம் அறிவியல் பட்டமோ பெற்ற இளைஞர்களே உதவியாளர்களாகச் சேர்கிறார்கள். சுமார் 50 நாள் பயிற்சிக்குப் பிறகு 12 மணி நேரப் பணி. அந்த இளைஞர் எடுக்கும் முடிவு, ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பேராசிரியர் பின்னர் எடுக்கப்போகும் முடிவுகள் அனைத்துக்கும் எல்லை வகுத்துவிடுகிறது.

அலறுபவரும் அமைதியாக இருப்பவரும்

சம்பவ இடத்தில் உதவியாளர் முதலில் பார்ப்பது காயத்தை அன்று. மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு எப்படி ஓடுகிறது, நாடி எப்படித் துடிக்கிறது, கூப்பிட்டால் என்ன பதில் வருகிறது என்ற வரிசையில்தான் அவர் பார்வை செல்ல வேண்டும். ஒருவர் வாய்விட்டு அலறுகிறார் என்றால், அவருடைய மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று பொருள். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலும் அவரால் சற்று நேரம் காத்திருக்க முடியும். தேநீர்க் கடை பெஞ்சில் யாரோ உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, “எனக்கு ஒண்ணுமில்லை, அவனைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும் மற்றவரைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

இதற்குக் காரணம் உடலின் ஓர் இயல்பு. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும்போது, ஆரோக்கியமான இளைஞரின் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓடவைத்து, ஒன்றரை லிட்டர் வரை இழப்பைத் தாக்குப்பிடிக்கும். அதுவரை ரத்த அழுத்தமானி ஏறக்குறைய சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கை சில்லிட்டிருப்பதும், வியர்ப்பதும், நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவதும், காரணமின்றி ஒரு பதற்றம் தோன்றுவதும்தான் அறிகுறிகள். ரத்த அழுத்தம் விழத் தொடங்கும்போது, உடல் தன் கையிருப்பைத் தீர்த்துவிட்டது என்று பொருள். முதியவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் அவர்கள் உட்கொள்ளும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பு உயரவிடாமல் தடுத்துவிடும். 75 வயதுப் பெரியவரின் நாடி 84 என்று கண்டு நிம்மதியடையும் உதவியாளர், அவருடைய மாத்திரைப் பட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியடைவது நல்லது.

விபத்து மட்டுமன்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் மாரடைப்பைத் திரைப்படங்கள் நமக்குப் பழக்கப்படுத்திவிட்டன. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ள பெண்ணுக்கு அதே மாரடைப்பு, மேல்வயிற்று எரிச்சலாகவும் குப்பென்ற வியர்வையாகவும் மட்டுமே வரக்கூடும். வீட்டார் “வாயுத் தொல்லைதான்” என்பார்கள். பெருங்காயத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். ஈசிஜி எடுக்கும் வரை ஐயப்பாடு தீராது என்று உதவியாளர் அழுத்திச் சொல்ல வேண்டும். தன்னைவிட 30 வயது மூத்தவர்கள் நிறைந்த கூடத்தில் 24 வயது இளைஞர் அப்படிச் சொல்வது எளிதன்று. பக்கவாதத்துக்கு முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குளறுதல் ஆகிய மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆனால், அதே அறிகுறிகளைச் சர்க்கரை தாழ்நிலையும் உண்டாக்கும். ஆகவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்ப்பது வண்டி புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

108-க்கு வரும் அழைப்புகளில் கணிசமான பங்கு கர்ப்பிணிகளுக்கானது. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைக் காட்டிலும், குழந்தை பிறந்த பிறகு ஓசையின்றி ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண் முன்னுரிமைக்குரியவர். இங்கும் விதி ஒன்றே: ஓசையை நம்பாதே, அளவை நம்பு.

அருகிலுள்ளதா, பொருத்தமானதா?

முன்னுரிமை என்பது யார் முதலில் என்ற கேள்வியோடு முடிவதில்லை. எங்கே என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போடும் முன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்பதை சி.டி. ஸ்கேன் உறுதிசெய்தாக வேண்டும். சி.டி. ஸ்கேன் இல்லாத மருத்துவமனைக்கு, அது இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், பக்கவாத நோயாளியைக் கொண்டுசெல்வது நாலரை மணி நேரத்திலிருந்து ஒன்றைக் கழிப்பதற்கு ஒப்பானது. நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லாத இடத்துக்குத் தலைக்காயத்தைக் கொண்டுசெல்வதும் அப்படியே. உறவினர்களோ, “பக்கத்தில்தானே ஆஸ்பத்திரி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகிறீர்களே” என்று வண்டியை மறிக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. யாரும் அவர்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கியதில்லை.

தொலைவு மிக அதிகமாக இருந்தாலோ, மூச்சே நின்றுபோகும் நிலையில் இருந்தாலோ, அருகிலுள்ள மருத்துவமனையில் நிறுத்தி நிலைப்படுத்திவிட்டுச் செல்வதுதான் சரி. மலைக் கிராமங்களுக்கு வேறு வழியும் கிடையாது. எப்போது நிறுத்த வேண்டும், எப்போது தாண்டிச் செல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுத்து, அந்தந்த மாவட்டத்தின் சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஏற்பப் பொருத்தி வைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இது கனவுக் கோரிக்கை அன்று. இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் தலைமையிலான குழு தமிழ்நாட்டில் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, இடையே 108 வண்டிகளைப் பயன்படுத்தி, கடும் மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரை அக்குழு ஆராய்ந்தது. 2017-இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளியை அடையாளம் காண்பதும், உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் அனுப்புவதும் ஒழுங்குபடுத்தப்பட்டன, அவ்வளவுதான். பின்னர் அரசு கொண்டுவந்த விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில், அவசரப் பிரிவுகள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்பட்டன. வண்டி வருமுன்பே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லும் முறையும் ஏற்பட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கச் செய்தது. பணம் கட்ட முடியுமா என்ற கேள்வி, எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற முடிவிலிருந்து பெருமளவு அகன்றது. அப்போது இந்தியாவின் பல மாநிலங்களுக்கு வாய்க்காத நிலை அது.

முன்தகவல் என்பதன் மதிப்பை உச்ச நீதிமன்றம் 1996-லேயே உணர்ந்திருந்தது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்ற விவசாயத் தொழிலாளி ஒருவர், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர நேர்ந்த வழக்கு அது. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்ற தீர்ப்பைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்பதை அறிந்து நோயாளியை உடனே அங்கே அனுப்ப ஒரு மையத் தகவல் தொடர்பு அமைப்பு வேண்டும் என்று அதே தீர்ப்பு கூறியதை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை. எனக்கு அத்தீர்ப்பின் மிகவும் நடைமுறை சார்ந்த வரி அதுதான். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகும், எந்த மருத்துவமனையில் இந்த நொடியில் வென்டிலேட்டர் காலியாக உள்ளது என்பதை ஓடும் வண்டியில் இருப்பவர் பல வேளைகளில் கைபேசியில் கேட்டுத்தான் அறிகிறார்.

பலர் விழுந்துகிடக்கும்போது

ஒருவருக்கு ஒரு வண்டி என்பது இயல்பான நாள். பேருந்து கவிழும் நாளில் கணக்கு தலைகீழாகிறது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, பதவியையோ, எந்த நாட்டுப் படைவீரர் என்பதையோ பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர். போர்முனைக்கே சென்று காயமுற்றோரை ஏற்றிவரும் குதிரை வண்டிகளை வடிவமைத்தவரும் அவரே. தளபதிக்கு முன்பாகச் சிப்பாய்க்குச் சிகிச்சை என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய கலகமாக இருந்திருக்கும்! ‘பெரிய மனிதர்’ ஏறிவிட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்ற மனநிலை இன்னமும் முற்றாக நீங்காத நம் சாலைகளில் அது இப்போதும் கலகமே.

1983-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவான எளிய முறை ஒன்று இன்று உலகின் பல நாடுகளில் பயிற்றுவிக்கப்படுகிறது. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் வாருங்கள் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும், வந்தவர்கள் பச்சை. எஞ்சியவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் ஓடுபவர், நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பாதவர், எளிய கட்டளைக்கும் கீழ்ப்படிய இயலாதவர் ஆகியோர் சிவப்பு. மற்றோர் மஞ்சள். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சுவிடாதவருக்குக் கறுப்பு. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே செலவிட வேண்டும். இயல்பான நாளில் அந்தக் கறுப்பு அட்டைக்குரியவருக்காகவே இருவரும் சேர்ந்து நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் போராடியிருப்பார்கள். பேரிடர் நாளில் அவரைக் கடந்து அடுத்தவரிடம் செல்ல வேண்டும். மருத்துவத்தில் இதைவிடக் கொடிய ஒழுக்கம் ஒன்றை நான் அறியேன்.

இதில் பொதுமக்கள் அறியாத ஒரு விதி இருக்கிறது. பேரிடர் இடத்துக்கு முதலில் வந்துசேரும் ஆம்புலன்ஸ் யாரையும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அதன் ஊழியர்கள் அங்கேயே நின்று, எத்தனை பேர், எத்தகைய காயங்கள், எந்த வழியாக வண்டிகள் வரலாம் என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அடுத்தடுத்து வரும் வண்டிகளுக்கு யார் யாரை ஏற்றுவது என்று பகுத்துவைக்க வேண்டும். நம் ஊரில் அப்படி நின்றால் என்ன ஆகும்? வண்டிக் கண்ணாடி உடையும். ஓட்டுநருக்கு அடி விழும். கண்ணில் பட்டவரைத் தூக்கிப் போட்டு, “கிளம்பு, கிளம்பு” என்று கதவைத் தட்டுவதே நம் மனிதநேயத்தின் வடிவம். அது மனிதநேயமே, ஐயமில்லை. ஆனால், லேசான காயமுற்றோர் ஆட்டோக்களிலும் கார்களிலும் முதலில் வந்து அருகிலுள்ள மருத்துவமனையை நிரப்பிவிட, சிவப்பு அட்டைக்குரியவர் கடைசியில் வந்து தாழ்வாரத்தில் காத்திருப்பதும் அதனால்தான்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் பொதுக்கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகான வாக்குவாதங்களில் ஆம்புலன்ஸ் பெரும் பேச்சாக இருந்தது. ஏன் வந்தது, யார் அழைத்தது என்றெல்லாம் கேட்கப்பட்டது. பெருங்கூட்டங்களுக்கு அனுமதி வழங்கும்போது, முன்னுரிமைப் பகுப்புக்கான இடம், வண்டி வந்துபோகத் தனிப்பாதை, பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் ஆகிய மூன்றும் நிபந்தனையாக்கப்படுமா என்ற கேள்வி அந்த இரைச்சலில் காணாமற்போனது.

இங்கிலாந்து தரும் எச்சரிக்கை

முன்னுரிமைப் பகுப்பைத் தொலைபேசியிலேயே தொடங்கிவிடும் நாடுகள் உண்டு. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் வகுத்த கேள்வி அட்டைகளே இதற்கு முன்னோடி. இங்கிலாந்து 2017-இல் அழைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தது. இதயம் நின்றுபோனவர் போன்ற முதல் வகையினருக்குச் சராசரியாக 7 நிமிடம். மாரடைப்பு, பக்கவாதம் அடங்கிய இரண்டாம் வகைக்கு 18 நிமிடம் என்பது இலக்கு. அங்கே ஆம்புலன்ஸ் பாராமெடிக் ஆவதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். வகைப்பாடும் செம்மையானது, ஊழியரும் தேர்ந்தவர். எனினும், 2022 டிசம்பரில் இரண்டாம் வகையின் சராசரிக் காத்திருப்பு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. மருத்துவமனைகளில் படுக்கைகள் காலியாகவில்லை. நோயாளியை ஒப்படைக்க முடியாமல் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. புதிய அழைப்புக்குச் செல்ல வண்டி இல்லை.

வரிசையை ஒழுங்குபடுத்துவதால் படுக்கை முளைத்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம்மிடம் இது வேறு வடிவில் நடக்கிறது. நோயாளியை இறக்க ஸ்ட்ரெச்சர் இல்லாததால், ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சரே உள்ளே போய்விடுகிறது. அது திரும்பும் வரை உயிர்காக்கும் வண்டி ஒன்று நிழலில் நின்றுகொண்டிருக்கும். சில ஆயிரம் ரூபாய் பெறும் பொருளுக்காகப் பல லட்சம் ரூபாய் பெறும் வண்டி முடங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போயிருக்கிறது.

இன்னொரு செலவையும் நாம் ஏற்கத் தயாராக வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலில், கடுமையான காயத்தைச் சாதாரணமானதாகத் தவறாகக் கணிப்பது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்காக, சாதாரணக் காயத்தைக் கடுமையானதாகக் கணிப்பது 35 சதவீதம் வரை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். அதாவது, ஒருவரும் தவறிப்போகாமல் இருக்க வேண்டுமானால், தேவையில்லாத சிலரும் பெரிய மருத்துவமனைக்கு வந்தே தீர்வார்கள். அவ்வாறு அழைத்துவந்த உதவியாளரைப் பார்த்து, “இதற்கா இங்கே கொண்டுவந்தாய்?” என்று கடிந்துகொள்ளும் மருத்துவர், அடுத்த முறை அவர் தயங்குவதற்குக் காரணமாகிறார். பயிற்சி மருத்துவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த ஒன்று இது.

வண்டிக்கு நாம் விதி வகுத்துவிட்டோம். ஆம்புலன்ஸ்களை நான்கு வகையாகப் பிரித்து, உள்ளே இருக்க வேண்டிய கருவிகள் வரை வரையறுக்கும் ஏஐஎஸ்-125 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. வழிவிட மறுப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. உள்ளே அமர்ந்திருப்பவர் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. தனியார் ஆம்புலன்ஸ்கள் பலவற்றில் இன்றும் ஓட்டுநர் மட்டுமே இருக்கிறார். நோயாளியைக் கவனிப்பது மடியில் தலையைத் தாங்கியிருக்கும் உறவினர். 2021-இல் இயற்றப்பட்ட தேசிய துணைநிலை, சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் ஒரு தொழில்முறையினராக ஏற்றிருக்கிறது. அந்த ஏற்பு, 108 உதவியாளரின் ஊதியத்திலும், பணி நேரத்திலும், ஆண்டுதோறும் தரப்பட வேண்டிய மறுபயிற்சியிலும் தெரிய வேண்டும். நெறிமுறைப்படி ஒரு மருத்துவமனையைத் தாண்டிச் சென்றதற்காக எழும் புகாரிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நிதியும் காலமும் தேவைப்படலாம். ஒன்றே ஒன்றுக்கு ஏறக்குறைய எதுவும் தேவையில்லை. முந்தைய நாள் தாங்கள் இறக்கிவிட்டுச் சென்றவர் பிழைத்தாரா, உள்ளே ரத்தக்கசிவு என்று தாங்கள் ஐயுற்றது சரிதானா என்று மறுநாள் அடுத்த நோயாளியோடு வரும்போது செவிலியரிடம் தயங்கித் தயங்கி விசாரிக்கும் உதவியாளர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். செவிலியருக்கு நேரமிருந்தால் பதில் கிடைக்கும். நோயாளி எந்த நிறப் பிரிவில் சேர்க்கப்பட்டார், என்ன நோய் என்று உறுதியானது, 48 மணி நேரம் கழித்து நிலை என்ன என்ற மூன்று தகவல்களும், வண்டி எண்ணைக் குறித்து 108 கட்டுப்பாட்டு அறைக்கு மருத்துவமனையிலிருந்து வாரந்தோறும் சென்றால், அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் தயங்கி நின்று கேட்க வேண்டியிராது.